சர்வேயர் தனபாலும் தனியார் டேங்க் வேகன்களும்

தனபால் சார் காலமாகிவிட்டார் என்று நம் ரயில் ஆர்வலர் குழுவில் செய்தி வந்தபோது நான் நம்பவில்லை. துக்கம் தாளாமல் நம்ப மறுத்தேன் என்று எழுதினால் இந்தக் கட்டுரைக்குப் பொருத்தமாக இருக்கும். காரணம் அதுவல்ல. செய்தியில் அவருடைய இனிஷியல் தவறாக இருந்தது. ஊரையும் பெரம்பலூர் என்பதற்குப் பதில் அரியலூர் என்று போட்டிருந்தார்கள். ஒரு தாளில் இரண்டு பிழை கண்ணில் பட்டால் மூன்றாவது எங்கேயோ ஒளிந்திருக்கிறது என்று அவரே சொல்லுவார். ஆகவே அவர் வீட்டுக்குப் போன் செய்தேன்.

அவர் மனைவி மங்கை அக்காதான் எடுத்தார். எப்படிக் கேட்பது என்று தெரியாமல், "குழுவுல ஒரு செய்தி போட்டிருக்காங்கக்கா, அது..." என்று இழுத்தேன்.

"உண்மைதாம்மா. காலையில காப்பி கொண்டுபோனேன், எந்திரிக்கல. நானே ரெண்டு தரம் மூக்குல கை வச்சுப் பார்த்துட்டுத்தான் பக்கத்து வூட்ல சொன்னேன். அந்த மனுசன்கூட இருந்து எனக்கும் எதையும் ஒரு தரத்துல நம்பாத புத்தி வந்துருச்சு." பிறகுதான் அவர் அழுதார். நான் போனைக் காதில் வைத்தபடியே நின்றேன். எனக்கு அழுகை வரவில்லை, வெட்கமாக இருந்தது. அவருடன் நான் பேசி எட்டு மாதம் ஆகியிருந்தது.

ஏன் பேசவில்லை என்பதை உங்களில் சிலர் என் வாயாலேயே கேட்டிருப்பீர்கள். நீங்கள் கேட்டது சரியல்ல. ஆசிரியர் குழு என்னை இந்த அஞ்சலியை எழுதச் சொன்னபோது வேறு யாரிடமாவது கொடுங்கள் என்றுதான் முதலில் சொன்னேன். அப்புறம், நான் பரப்பியதை நானே அள்ள வேண்டும் என்று தோன்றியதால் ஒப்புக்கொண்டேன்.

புதிதாக இதழ் வாங்குபவர்களுக்காக அவரைப் பற்றி நாலு வரி. தனபால் சார் இன்சூரன்ஸ் சர்வேயராக இருந்து ஓய்வு பெற்றவர். எரிந்த குடோன், கவிழ்ந்த லாரி, நனைந்த உர மூட்டை என்று முப்பது வருடத்துக்கும் மேல் மற்றவர்களின் நஷ்டத்தைப் பார்வையிட்டவர். நஷ்டம் என்று சொல்லப்படுவது நஷ்டம்தானா என்று பார்ப்பதே அவருக்கு வேலை. ஓய்வுக்குப் பிறகு அவர் பிடித்துக்கொண்டது தனியார் டேங்க் வேகன்களின் வரலாறு. ரயில் வசதியே இல்லாத பெரம்பலூரில் உட்கார்ந்துகொண்டு ஒரு மனிதர் ரயில் ஆராய்ச்சி செய்கிறார் என்பதை அந்த ஊர்க்காரர்களே நம்பவில்லை. வேறு ஏதோ செய்கிறார், இதைச் சொல்லி மறைக்கிறார் என்றுதான் அக்கம்பக்கத்தில் பேச்சு.

ரயிலில் ஓடுவதெல்லாம் அரசாங்கத்துடையது என்றுதான் பலரும் நினைக்கிறோம். தண்டவாளமும் எஞ்சினும் அப்படித்தான். எண்ணெய், அமிலம், சர்க்கரை ஆலைக் கழிவுப்பாகான மொலாசஸ் இவற்றை ஏற்றிச் செல்லும் டேங்க் வேகன்களில் பலவற்றைக் கம்பெனிகளே சொந்தமாக வாங்கி ஓடவிட்டிருந்தன. வயிற்றில் கம்பெனிப் பெயர் எழுதியிருக்கும். கம்பெனி கைமாறினால் பெயரை அழித்து வேறு பெயர் எழுதுவார்கள். மூடினால் வேகனை விற்றுவிடுவார்கள். இன்று அவற்றின் கதையைக் கேட்டுப் போனால், அது எங்கள் வண்டி இல்லை என்று ரயில்வேயில் சொல்வார்கள். கம்பெனியில் கேட்டால், பழைய காகிதத்தையெல்லாம் எடைக்குப் போட்டாயிற்று என்பார்கள். சந்தேகப் பிராணிகளுக்கு இதைவிட நல்ல மேய்ச்சல் நிலம் கிடையாது.

நாங்கள் சந்தித்ததே சந்தேகத்தில்தான். நான் சிமெண்ட் ஆலை ஒன்றின் டெஸ்பாட்ச் பிரிவில் கிளார்க்காக இருந்து அப்போதுதான் ஓய்வு பெற்றிருந்தேன். அரியலூர் ஸ்டேஷன் பிளாட்பாரத்தின் கடைசி பெஞ்சில் உட்கார்ந்து, நின்றிருந்த டேங்க் வேகன்களின் எண்களை ஒரு நோட்டில் எழுதிக்கொண்டிருந்தேன். சற்றுத் தள்ளி, முழுக்கைச் சட்டை போட்ட ஒல்லியான ஒருவர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். மஃப்டியில் வந்த போலீஸ் என்று நினைத்து நோட்டைக் கைப்பைக்குள் போட்டேன். அவரும் தன் கையில் இருந்த எதையோ சட்டைக்குள் செருகினார். அது என் சந்தேகத்தை உறுதியாக்கியது. பத்து நிமிடம் கழித்து அவரே எழுந்து வந்தார்.

"தப்பா எடுத்துக்காதீங்க. அந்த நாலாவது டேங்க் நம்பர் என்னன்னு எழுதுனீங்க?"

சொன்னேன். அவர் சட்டைக்குள்ளிருந்து தன் நோட்டை எடுத்துப் பார்த்தார். கடைசி இலக்கம் ஒத்துப்போகவில்லை. நான் எட்டு என்றேன், அவர் மூன்று என்றார். இருவரும் தண்டவாளம் வரை போய்ப் பார்த்தோம். பெயின்டில் எட்டுதான் இருந்தது. அவர் குனிந்து கீழ்ச்சட்டத்தில் ஒட்டியிருந்த எண்ணெய்ப் பிசுக்கைத் துணியால் துடைத்துக் காட்டினார். இரும்பில் குத்தியிருந்தது மூன்று. "பெயின்ட்ட நம்பாதீங்க மேடம். அது போன மாசம் எவனோ அவசரத்துல அடிச்சது" என்றார். எரிச்சலாக இருந்தது. ஆனால் மறுவாரமும் அதே பெஞ்சுக்குப் போனேன்.

ஒருமுறை ரயில்வே போலீஸ்காரர் ஒருவர் உண்மையிலேயே எங்களைப் பிடித்துக்கொண்டார். தனபால் சாரின் பையைத் திறக்கச் சொன்னார். உள்ளே ஒரு டிபன் பாக்ஸில் சாக்குக்கட்டி, கம்பி பிரஷ், பூதக்கண்ணாடி, முகம் பார்க்கும் சின்னக் கண்ணாடி. யாருக்குத்தான் சந்தேகம் வராது?

"எந்த ஊரு?"

"பெரம்பலூர்ங்க."

"பெரம்பலூர்ல ரயிலே கிடையாதேய்யா."

"அதனாலதாங்க இங்க வரேன்."

உண்மையைச் சொல்லச் சொல்ல அவருடைய சந்தேகம் கூடிக்கொண்டே போனது. கடைசியில் பிளாட்பார டீக்கடைக்காரர்தான் வந்து சொன்னார்: "இவங்க மாசத்துல நாலு நாள் வர்றவங்கதான் சார். இவரு டீயக்கூட மோந்து பார்த்துட்டுத்தான் குடிப்பாரு." அந்தச் சாட்சியத்தில் விட்டுவிட்டார்கள். வெளியே வந்ததும் தனபால் சார், போலீஸ்காரர் மீது தனக்கு மரியாதை வந்துவிட்டதாகச் சொன்னார். பையைத் திறந்து பார்த்தாரே, அது போதுமாம்.

அவருடன் கடைக்குப் போவது ஒரு தண்டனை. குன்னத்தில் சாலையோரம் வெங்காய மூட்டையைப் பிரித்து வைத்திருந்தால் கையை முழங்கை வரை உள்ளே விட்டு அடியிலிருந்து ஒன்றை எடுப்பார். "மேலாப்புல இருக்கறது வியாபாரி நமக்குக் காட்டறது. அடியில இருக்கறதுதான் வெங்காயம்" என்பார். கண்ணால் காண்பதும் பொய், காதால் கேட்பதும் பொய், தீர விசாரிப்பதே மெய் என்று நான் ஒருநாள் கிண்டலாகச் சொன்னேன். "தீர விசாரிக்கறதுன்றாங்களே, அது என்னைக்குத் தீரும்னு யாரும் சொல்லலையே மேடம்" என்றார். சிரிக்கவில்லை.

அவர் எனக்குத் திரும்பத் திரும்பச் சொன்ன விஷயம் ஒன்று உண்டு. டேங்க் வேகன் என்பது ஒரு பொருள் அல்ல, இரண்டு பொருள். சக்கரங்களோடு கூடிய சட்டம் ஒன்று, அதன் மேல் உட்கார்ந்திருக்கும் டேங்க் ஒன்று. "வண்டி நம்பர் கீழ இருக்கற சட்டத்துக்குத்தான். மேல இருக்கறவன் வேற ஆளு. வாடகைக்குக் குடியிருக்கறவன் மாதிரி, எப்ப வேணா வூடு மாறுவான்." நானும் தலையாட்டினேன். தலையாட்டியதோடு சரி.

இனி என் அப்பாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். நான் டேங்க் வேகன்களின் பின்னால் அலைந்தது வரலாற்று ஆர்வத்தால் என்று உங்களிடம் சொல்லியிருக்கிறேன். அது பாதி உண்மை. என் அப்பா அரியலூர்ப் பக்கத்தில் ஓர் ஆலைக்குள் போகும் கிளைத் தண்டவாளத்தில், சைடிங் என்பார்கள், கலாசியாக இருந்தார். சூளையை எரிக்கும் எண்ணெய் ஏற்றிய டேங்க் வேகன்கள் வந்தால் மேலே ஏறி வால்வைத் திறப்பதும், இறக்கி முடிந்ததும் மூடுவதும் அவர் வேலை. எனக்குப் பத்து வயதான ஓர் ஐப்பசி மாதம், பாதி இறக்கிய வேகன் ஒன்றை அப்படியே நிறுத்திவிட்டு மாலையில் எல்லோரும் வீட்டுக்கு வந்துவிட்டார்கள். காலையில் போய்ப் பார்த்தால் வேகன் காலி. எண்ணெய் முழுவதும் வாய்க்கால் வழியாக ஓடிக் குளத்தில் கலந்திருந்தது. மழைத் தண்ணீர் நிறைந்த குளம், கரையிலிருந்து கரைவரை கறுப்பு. பக்கவாட்டு வால்வின் வாஷர் முன்பே கிழிந்திருந்ததாம். அதனால் டேங்கின் அடிவாயை அடைக்கும், மேலே ஏறித் திருகுகிற மேல் வால்வை இறுக்கி மூடினால்தான் எண்ணெய் நிற்கும். கடைசியாக மேலே ஏறியவர் அப்பா. வேலை போயிற்று.

வேலை போனதைக்கூடத் தாங்கியிருக்கலாம். ஆடு மாடு தண்ணீர் குடிக்கும் குளம் அது. ஊரில் எங்களை எண்ணெய் ஊத்துனவர் வீடு என்றார்கள். அந்தப் பேர் தாங்காமல் குன்னத்துக்குக் குடிபோனோம். அப்பா பருத்திக் குடோனில் காவலுக்கு இருந்தார். நான் கல்லூரியில் படிக்கும்போது இறந்தார். வால்வை மூடிவிட்டுத்தான் இறங்கினார், வால்வில்தான் பழுது என்று எங்கள் வீட்டில் சொல்லிக்கொண்டோம். சாமி கும்பிடுவது மாதிரி அதைச் சொல்லிக்கொண்டோம்.

பல வருடம் கழித்து ஒரு பழைய பேப்பர் கடையில் அந்த ஆலையின் சரக்கு வரவுப் பதிவேடு ஒன்று எனக்குக் கிடைத்தது. விபத்துக்கு முந்தைய வருடம் ஆடி மாதத்தில் ஒரு பதிவு: இன்ன எண்ணுள்ள டேங்க் வேகன், மேல் வால்வு சரியாக உட்காரவில்லை, கசிவு. அப்பாவின் பணிநீக்கக் கடிதம் எங்களிடம் இருந்தது. அதில் குறிப்பிட்டிருந்த வேகனும் அதே எண். கடையிலேயே உட்கார்ந்து அழுதேன். அதை வைத்து நான் எழுதிய கட்டுரையை இந்த இதழில்தான் படித்தீர்கள். "மேல் வால்வை மூடிவிட்டுத்தான் இறங்கினேன் என்று அப்பா சொன்னார்" என்று அது தொடங்கும். உங்களில் பலர் போன் செய்து பாராட்டினீர்கள். உடையார்பாளையத்தில் இருக்கும் என் அண்ணன் நூறு பிரதி எடுத்து, உறவில் நடந்த ஒரு கல்யாணத்தில் வெற்றிலை பாக்கோடு சேர்த்துக் கொடுத்தார்.

தனபால் சார் மட்டும் பாராட்டவில்லை. கட்டுரையை இரண்டு முறை படித்ததாகச் சொன்னார். பிறகு, அந்த வேகனுக்குச் சொந்தக்காரரான எண்ணெய்க் கம்பெனியின் வேகன் பட்டியலுக்கு ஒரு நகல் வேண்டும் என்று கேட்டார். கம்பெனியில் கணக்கராக இருந்த ஒரு முதியவரிடமிருந்து நான் திருச்சியில் வாங்கி வந்தது, வேகன்களை வாங்கிய காலத்திலேயே எழுதிய பட்டியல் அது. இடப்பக்கம் வண்டி எண், வலப்பக்கம் அதன் மேல் ஏற்றியிருந்த டேங்கின் எண். வலப்பக்க வரிசையை நான் கண்டுகொள்ளவே இல்லை. எதற்குக் கேட்கிறார் என்று உறுத்தியது. இருந்தாலும் கொடுத்தேன்.

ஒரு மாதம் கழித்து என்னை அரும்பாவூருக்கு அழைத்தார். அந்தப் பக்கம் ஒரு மரவள்ளி மாவு ஆலைக்கு எப்போதோ தீ விபத்து சர்வேக்குப் போனாராம். அங்கே தண்ணீர்த் தொட்டியாக ஒரு பழைய ரயில் டேங்கைப் பார்த்த ஞாபகமாம். பெரம்பலூரில் பஸ் ஏறிப் போனோம். செங்கல் தூண்கள் மேல் அந்த டேங்க் பச்சை பெயின்டோடு உட்கார்ந்திருந்தது. நெஞ்சில் ஸ்டென்ட் வைத்த மனிதர் ஏணியில் ஏறினார். நான் ஏணியைப் பிடித்துக்கொண்டேன். மூடியைச் சுற்றியிருந்த வளையத்தில் பெயின்டைச் சுரண்டி, சாக்குக்கட்டியைத் தேய்த்து, மேலாக விரலால் துடைத்தார். பள்ளத்தில் மட்டும் வெள்ளை நின்றது. பிறகு இறங்கி வந்து என்னை ஏறச் சொன்னார்.

"நான் படிச்சா சரி வராது. நீங்க படிங்க."

படித்தேன். பட்டியலில் அப்பாவின் வேகனுக்கு எதிரே வலப்பக்கம் இருந்த எண் அது. முந்தைய வருடம் கசிந்த டேங்க் இங்கே இருக்கிறது. அப்படியானால் அதை எப்போது கழற்றினார்கள்? ஆலை முதலாளியின் அறைச் சுவரில் திறப்பு விழாப் படம் ஒன்று மாட்டியிருந்தது. வாசலில் வாழைமரம், பின்னால் தூண்கள் மேல் இதே டேங்க். படத்தின் கீழ் வெள்ளை எழுத்தில் தை மாதம், வருடம். ஐப்பசிக்கு ஒன்பது மாதம் முன்னால். பழுதான டேங்கைக் கழற்றி விற்றுவிட்டு, அதே சட்டத்தில் வேறு டேங்கை ஏற்றியிருக்கிறார்கள். எண் மாறவில்லை. அப்பா ஏறிய அன்று மேலே இருந்தது நான் பழி போட்ட டேங்க் இல்லை.

தனபால் சார் முதலாளியிடம் கேட்டுப் படத்தைக் கழற்றித் திருப்பிப் பார்த்தார். "தேதிய அப்புறமா யாராச்சும் எழுதியிருக்கலாம்" என்றார். என்னைத் தேற்றுவதற்குச் சொல்கிறார் என்று நினைத்தேன். அந்தத் தேறுதல் இன்னும் கோபத்தைக் கிளப்பியது.

பஸ் நிறுத்தத்தில் அவரிடம் கேட்டேன். "இதை எதுக்குத் தேடுனீங்க? யாரு கேட்டா?"

"யாரும் கேக்கல மேடம். நம்பர் கண்ணுல பட்டுச்சு. பட்டத எப்படி விடறது? இதனால உங்கப்பா தப்பு பண்ணாருன்னு ஆயிடாது. பழைய டேங்க்னு சொன்னோமே, அது மட்டும்தான் நிக்கல."

"எங்கப்பா பொய் சொன்னாருன்றீங்களா?"

அவர் கொஞ்சம் யோசித்தார். யோசிக்காமல் இருந்திருக்கலாம். "அவரு சொன்னாருன்னு எழுதியிருக்கீங்க. உங்ககிட்ட நேரா சொன்னாருங்களா?"

வந்த பஸ்ஸில் நான் மட்டும் ஏறினேன். அவர் ஏறவில்லை. கண்ணாடி வழியாகப் பார்த்தபோது டிபன் பாக்ஸைப் பிடித்துக்கொண்டு அங்கேயே நின்றார். நான் அவரை உயிரோடு பார்த்தது அதுதான் கடைசி.

அடுத்த எட்டு மாதம் என் மூளை நன்றாக வேலை செய்தது. அந்த எண்ணெய்க் கம்பெனியை வாங்கிய நிறுவனம் ஒன்றுக்கு ஒரு காலத்தில் சர்வே செய்ததாக அவரே பேச்சுவாக்கில் சொன்னது ஞாபகம் வந்தது. வெறும் வாயை மெல்லுகிறவளுக்கு அவல் கிடைத்த மாதிரி ஆயிற்று. அப்போது பெரம்பலூரில் இருக்கும் என் பழைய சக ஊழியர் ஒருவர், தனபால் சாரை அரும்பாவூர் பஸ்ஸில் மூன்று தடவை பார்த்ததாகச் சொன்னார். மூன்று தடவை எதற்குப் போகிறார்? என் அப்பாவுக்கு எதிராக முழுக் கட்டுரை எழுதத்தான் ஆதாரம் சேர்க்கிறார் என்று முடிவு கட்டினேன். அவர் எப்போதுமே கம்பெனியின் ஆள் என்று உங்களில் ஐந்தாறு பேரிடம் போனில் சொன்னேன். யாரும் ஆதாரம் கேட்கவில்லை. அவர் அப்படி எந்தக் கட்டுரையும் அனுப்பவில்லை என்பதும் என் கண்ணில் படவில்லை.

உடலை எடுப்பதற்குள் போய்விட வேண்டும் என்று, மங்கை அக்காவுடன் போனில் பேசிய அன்று மதியமே பெரம்பலூர் போனேன். பந்தலின் ஓரத்தில் ஒரு மாலையோடு மாவு ஆலை முதலாளி நின்றிருந்தார். என்னை அடையாளம் தெரிந்து கிட்ட வந்தார்.

"அந்த மேடம் நீங்கதானங்க? சார் உங்களுக்குச் சொன்னாருங்களா?"

"என்ன சொன்னாரு?"

"அப்புறமும் மூணு தரம் வந்தாருங்க. முதல் தரம் போட்டோவ லென்ஸ் வச்சு அரை நாள் பார்த்தாரு. போட்டோவுல இருக்கற டேங்கும் இதுவும் ஒண்ணுதானான்னு தையல் கணக்கா ஒவ்வொரு வெல்டா பார்த்தாரு. அடுத்த தரம் போட்டோ புடிச்ச ஸ்டுடியோக்காரரு மகனத் தேடிக்கிட்டுப் போனாரு. கடைசியா தூண் கட்டுன கொத்தனாரக் கேட்டாரு. அவருக்கு இப்ப கண்ணு தெரியாதுங்க, ஆனா திறப்பு விழாவுக்கு முன்னாடியே டேங்க ஏத்தியாச்சுன்னு அவரும் அடிச்சுச் சொல்லிட்டாரு. சார் ரொம்ப நேரம் அங்கயே உக்காந்திருந்தாருங்க. இந்த போட்டோ தப்பா இருந்தா நல்லாருக்கும்னு சொன்னாரு. தப்பா இல்லீங்களே, நான் என்ன பண்றது?"

உள்ளே போனதும் மீதியை மங்கை அக்கா சொன்னார். பஸ் பயணமே கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தாராம். எங்கே போகிறீர்கள் என்று மங்கை அக்கா கேட்டால், ஒரு தப்பைக் கண்டுபிடிக்க வேண்டும் என்று சொல்லிவிட்டுப் போவாராம். யாருடைய தப்பு என்று கேட்டதற்கு, "என்னோடதா இருந்தா தேவல" என்றாராம். தன் கண்டுபிடிப்பைத் தானே உடைப்பதற்கு எழுபது வயதில் மூன்று முறை அந்தப் பஸ்ஸில் போயிருக்கிறார். உடைக்க முடியவில்லை. அதை என்னிடம் வந்து சொல்லவும் மனம் வரவில்லை. இப்படி ஒருவர் எனக்கு இருந்தார். அவரைத்தான் நான் கம்பெனியின் ஆள் என்றேன்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை உடையார்பாளையம் போனேன். அண்ணன் களத்தில் முந்திரிக்கொட்டையைக் காயவைத்துக் கிளறிக்கொண்டிருந்தார். எண், சட்டம், டேங்க், போட்டோ எல்லாவற்றையும் சொன்னேன்.

"அப்ப அந்தக் கட்டுரை தப்பா?"

"தப்புதாண்ணே."

"நூறு பேருக்குக் குடுத்துட்டனே வசந்தா."

அவர் கிளறிக்கொண்டே இருந்தார். நான் தயங்கித் தயங்கிக் கேட்டேன். "வால்வ மூடுனேன்னு அப்பா உங்கிட்ட சொன்னாராண்ணே?"

"எங்கிட்டயா? அம்மாதான் சொல்லும்."

"அப்பா சொல்லலையா?"

அண்ணன் குச்சியை ஊன்றி நின்றார். "ஒரு தரம் கேட்டேன். மூடுனீங்களாப்பான்னு. ஒண்ணும் சொல்லல. எந்திரிச்சுப் போய் மாட்டைப் பிடிச்சுக் கட்டுனாரு." குச்சியால் இரண்டு கொட்டையைத் தள்ளிவிட்டுச் சொன்னார்: "மாடு கட்டித்தான் இருந்துச்சு."

வெயில் ஏறும்வரை அவரோடு சேர்ந்து முந்திரிக்கொட்டையைக் கிளறினேன்.

ஆகவே நண்பர்களே, இரண்டு விஷயங்களைப் பதிவு செய்கிறேன். இந்த இதழில் வந்த என் கட்டுரையைத் திரும்பப் பெறுகிறேன். "அப்பா சொன்னார்" என்று தொடங்கும் அதன் முதல் வரிக்கே ஆதாரம் கிடையாது. இரண்டாவது, தனபால் சார் எந்தக் கம்பெனியின் ஆளும் அல்ல. அதைச் சொன்னது நான். கோபத்தைத் தவிர அதற்கும் என்னிடம் ஆதாரம் இருக்கவில்லை. அவர் எல்லாவற்றையும் சந்தேகப்பட்டார், முதலில் தன்னை. நான் அவரைச் சந்தேகப்பட்டேன், என்னைத் தவிர மற்ற எல்லோரையும் சந்தேகப்பட்டேன்.

காரியம் முடிந்ததும் மங்கை அக்கா அவருடைய நோட்டுகளை நம் குழுவுக்கே தருவதாகச் சொன்னார். உங்களுக்கு ஏதாவது வேண்டுமா என்று என்னையும் கேட்டார். நான் எதையும் எடுக்கவில்லை. சர்வே ரிப்போர்ட்டுகளில் மற்றவர்கள் ஏதாவது ஒரு காரணத்தை எழுதி மூடுவார்களாம். இவர் மட்டும், தெரியாதபோது காரணம் தெரியவில்லை என்று எழுதிக் கையெழுத்துப் போடுவாராம். அதற்காக மேலே எத்தனையோ முறை திட்டு வாங்கியிருக்கிறார் என்று அக்கா சொன்னார். அவரிடமிருந்து நான் வைத்துக்கொள்வது அந்த வரியைத்தான். சொல்லக் கடினமாக இருக்கிறது, பழகிக்கொண்டிருக்கிறேன். போன வாரம் அண்ணன் பேத்தி, தாத்தாவோட அப்பா வால்வை மூடினாரா இல்லையா என்று என்னிடம் கேட்டாள். ஐம்பது வருடமாக எங்கள் வீட்டில் தயாராக இருந்த பதில் நாக்கு நுனி வரை வந்தது. தெரியாது கண்ணு என்று சொன்னேன்.